காணி உறுதியோடு வைக்கவேண்டிய அட்டை

மூத்த பிள்ளை சுகமாகப் பிறக்கிறது. இரண்டாவது பிறந்த மறுநாளே மஞ்சளாகி வாடிப்போகிறது. மூன்றாவது வயிற்றிலேயே இறந்துவிடுகிறது. இப்படி நடந்த வீட்டில் தாயைத்தான் ஊர் குற்றம் சொல்லும். இராசி இல்லாதவள் என்பார்கள், செய்வினை என்பார்கள். இந்தப் பேச்சை இனியாவது நாம் நிறுத்தவேண்டும். பல வேளைகளில் காரணம் இரத்தத்தில் இருக்கிறது. அதைத் தடுக்க 1968 முதல் ஊசியும் இருக்கிறது.

எமது நாட்டில் நூறு பேரில் ஐந்தாறு பேர் றீசஸ் நெகற்றிவ் இரத்தம் உள்ளவர்கள். அவர்களின் செங்குழியங்களில் 'டி' என்னும் பொருள் இல்லை. நெகற்றிவ் தாயின் வயிற்றில், தகப்பனைக் கொண்டு பொசிற்றிவ் பிள்ளை வளரலாம். பிரசவத்தின்போது அதன் இரத்தம் சிறிது தாயின் உடலில் கலக்கும். தாயின் உடல் அதை அந்நியமெனக் கண்டு பிறபொருளெதிரிகளை உண்டாக்கும். அதற்குள் மூத்த பிள்ளை பிறந்துவிடும். அடுத்த பொசிற்றிவ் பிள்ளை தரிக்கும்போது, அவை நச்சுக்கொடி வழியே போய் அதன் செங்குழியங்களை அழிக்கும்.

"எனக்கும் நெகற்றிவ்தானே, ஐந்து பெற்றேன், ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை" என்று சொல்லும் ஆச்சிமாரும் எம்மிடையே உண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை. ஊசி போடாவிட்டாலும் இப்படியான தாய்மாரில் நூற்றுக்கு 16 பேர் அளவில்தான் இந்த எதிரிகளை உண்டாக்குவர். உண்டாக்கும் ஆற்றலே பரம்பரையில் வரும் அலகுகளால் ஆளுக்காள் வேறுபடுகிறது. உண்டாகும் எதிரியும் ஒரே மாதிரியானதல்ல. அதில் ஒட்டியிருக்கும் சிறு சர்க்கரைத் துணுக்கின் அமைப்பு மாறினாலே, ஒருத்தியின் எதிரி சாதுவாக இருக்கும், இன்னொருத்தியினது பிள்ளையைக் கொல்லும். தாய் 'ஓ' வகையாகவும் பிள்ளை 'ஏ' அல்லது 'பி' வகையாகவும் இருந்தால், தாயிடம் முன்பே உள்ள வேறு எதிரிகள் கலந்த இரத்தத்தை உடனே அழித்து, 'டி'க்கு எதிரானது உண்டாகாமல் பெரும்பாலும் காத்துவிடும். ஒரு எதிரி இன்னொன்றைத் தடுக்கிறது! ஆனால் யார் தப்புவார், யார் அகப்படுவார் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆகவே ஆச்சியின் அனுபவத்தை நம்பி மகள் ஊசியை விடலாகாது.

பிள்ளை பொசிற்றிவ் என்றால் பிரசவம் முடிந்து 72 மணித்தியாலத்துக்குள் 'அன்ரி டி' ஊசி போடவேண்டும். கரு கலைந்தாலும், கர்ப்ப காலத்தில் விழுந்து அடிபட்டாலும், இரத்தம் போனாலும் அது தேவைப்படலாம். எதிரிகள் உண்டான பின்பு ஊசியால் பயனில்லை. அப்போது தாயைத் தொடக்கத்திலிருந்தே பெரிய வைத்தியசாலையில் கவனிக்கவேண்டும்.

இடம்பெயர்ந்த எமக்கு இதில் தனிச் சங்கடம் உண்டு. 2006இல் சம்பூர், மூதூர்ப் பக்கத்தார் வெருகல், வாகரை வழியே மட்டக்களப்பு வரை நடந்தபோது 72 மணித்தியாலத்தை யார் எண்ணினார்? பற்றைக்குள் கரு கலைந்தவளுக்கு எந்த அட்டையில் பதிவு? அதற்கு முந்திய ஆண்டுகளிலும் குடாவைக் கடக்க லோஞ்சையும் பாதையையும் நம்பியிருந்தோம். கிண்ணியாப் பாலம் 2009இல்தான் திறந்தது. இன்று வீதி உண்டு. ஆனால் அந்நாளில் தவறவிட்ட ஊசியின் விளைவு தாயின் உடலில் இன்றும் இருக்கலாம். ஆகவே இப்போது கர்ப்பமாயுள்ள பெண், இழந்த கருக்கள் எல்லாவற்றையும் குடும்பநல உத்தியோகத்தரிடம் வெட்கப்படாமல் சொல்லவேண்டும். கணவனும் தன் இரத்தத்தைச் சோதிக்கவேண்டும். அவரும் நெகற்றிவ் என்றால் இந்தப் பயமே இல்லை. தனக்கென்ன வேலை என்று கிளினிக் வாசலில் சைக்கிளோடு நிற்கும் ஆண்களுக்கு இது தெரியட்டும்.

இந்த ஊசி, மனிதர் கொடுக்கும் இரத்தத்திலிருந்தே செய்யப்படுகிறது. ஜேம்ஸ் ஹாரிசன் என்ற அவுஸ்திரேலியர் 14 வயதில் பிறர் இரத்தத்தால் உயிர் பிழைத்தவர். அவருடைய உடல் இந்த எதிரியை ஏராளமாக உண்டாக்கியது. 2018 வரை 1,173 முறை கொடுத்தார். 2025இல் காலமானார்.

ஓடும்போது காணி உறுதியையும் அடையாள அட்டையையும் சேலைத்தலைப்பில் முடிந்துகொண்டு ஓடினோம். கர்ப்பப் பதிவு அட்டையும் இரத்த வகைத் துண்டும் கூரையில் செருகியபடியே எரிந்தன. இனி அவையும் அதே பொலித்தீன் பைக்குள் இருக்கட்டும்.