129 டெசிபல் காது யாருக்கு?

மருமகன் வந்திருந்தான். 'மாமா, கம்ப்யூட்டருக்குப் புதுசா ஒரு சவுண்ட் கார்டு பார்த்து வெச்சிருக்கேன். 129 டெசிபலாம். பழசைத் தூக்கிப் போட்டுடலாமா?'

'பழசுல என்னடா கெட்டுப் போச்சு?'

'கெடல்லாம் இல்லை. பழசாயிடுச்சு, அவ்வளவுதான்.'

இந்த 'அவ்வளவுதான்'-ஐ நம்பித்தான் ஒரு வியாபாரமே நடக்கிறது.

ஒரு காலத்தில் புதுசு என்றால் நிஜமாகவே புதுசு. ஆரம்பகால ஐபிஎம் பிசி 'பீப்' என்று கத்துவதோடு சரி. 1987-ல் ஆட்லிப் கார்டு வந்து, ஒரு யமஹா சில்லை வைத்துக்கொண்டு ஒரே சமயத்தில் ஒன்பது குரல்களில் பாடியது. 1989-ல் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் கம்பெனி இறக்கிய சவுண்ட் பிளாஸ்டர் 8 பிட். அதாவது ஒலியின் ஏற்ற இறக்கத்தை 256 படிகளில் அளந்தது. 1992-ல் வந்த சவுண்ட் பிளாஸ்டர் 16-ல் படிகள் 65,536. அளப்பது வினாடிக்கு 44,100 தடவை. இது சி.டி.யின் கணக்கு. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேட்டால் யார் வேண்டுமானாலும் வித்தியாசம் சொல்லலாம்.

அதற்கப்புறம் பெட்டி மேல் எண்கள் ஏறிக்கொண்டே போயின. காது மட்டும் ஏறவில்லை. மனிதக் காதுக்கு எல்லை 20,000 ஹெர்ட்ஸ். அதைப் பிடிக்க அதைப்போல் இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேலே அளந்தால் போதும், 44,100 தாராளம். 2001-ல் வந்த ஆடிஜி கார்டை 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் என்று விளம்பரம் செய்தார்கள். உள்ளே பிராசசருக்குப் போன பாதை என்னவோ 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸ்தான். வாசலில் மாக்கோலம், உள்ளே பழைய சோறு.

2007-ல் மேயர், மோரன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் ஒரு சோதனை செய்தார்கள். உயர்தரப் பதிவை அப்படியே ஒரு முறையும், சி.டி. தரத்துக்கு இறக்கி ஒரு முறையும் கேட்க வைத்து, எது எது என்று சொல்லச் சொன்னார்கள். 554 தடவைகளில் சரியாகச் சொன்னது ஏறக்குறையப் பாதி. காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் அதே விடை வந்திருக்கும்.

மருமகனின் 129 டெசிபலுக்கு வருவோம். அமைதியான அறையிலேயே 30 டெசிபல் சத்தம் இருக்கிறது. அதற்கு மேல் 129-ஐயும் முழுசாகக் கேட்க வேண்டுமென்றால் 159-க்கு வைக்க வேண்டும். 120, 130-லேயே காது வலிக்க ஆரம்பித்துவிடும். பிறகு ஈ.என்.டி. டாக்டரிடம் கார்டைக் காட்ட முடியாது.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். பழைய கார்டுகளில் 'உஸ்' என்ற இரைச்சல் அதிகம். பெரிய ஹெட்போனை இழுக்கப் புதுசுக்குத் தெம்பு உண்டு. வீட்டில் பாட்டு ரெக்கார்டு செய்கிறவருக்கு 24 பிட் உதவும். பாட்டு மட்டும் கேட்கிறவருக்கு மதர்போர்டிலேயே இருப்பது போதும்.

என் கோபம் வேறு. பழைய கார்டு தானாகச் சாவதில்லை. 2007-ல் விண்டோஸ் விஸ்டா வந்தபோது, விளையாட்டுகள் சவுண்ட் கார்டோடு நேரடியாகப் பேசும் வழியை மைக்ரோசாஃப்ட் அடைத்துவிட்டது. குகைக்குள் நடந்தால் கேட்கும் எதிரொலியெல்லாம் போச்சு. அதை மீட்க கிரியேட்டிவ் ஒரு மென்பொருள் தந்தது. புதிய எக்ஸ்-ஃபை கார்டு வைத்திருந்தவர்களுக்கு இலவசம். பழைய ஆடிஜிக்காரர்களுக்குக் காசு! 2008-ல் ஒரு பிரேசில்காரர் டிரைவரைத் தானே திருத்தி, பழைய கார்டுகளுக்கு உயிர் கொடுத்தார். கம்பெனி அவரை நிறுத்தச் சொன்னது. காசு கொடுத்து கார்டு வாங்கியவர்கள் கொதித்துப் போனார்கள். கொதிக்காமல் என்ன செய்வார்கள்? அதே கார்டுகள் லினக்ஸில் இன்றைக்கும் பாடுகின்றன. ஆக, கார்டில் கோளாறு இல்லை, மனசில்தான்.

மாத்திரை அட்டையில் காலாவதி தேதி போடுகிறார்கள். சவுண்ட் கார்டு பெட்டியிலும் 'இந்த வருஷம் வரை டிரைவர் தருவோம்' என்று அச்சடிக்கட்டும். 129 டெசிபலை அதற்குக் கீழே பொடி எழுத்தில் போட்டுக்கொள்ளலாம்.

'அப்ப நான் என்னதான் வாங்கறது மாமா?'

'நல்ல ஸ்பீக்கர் வாங்குடா. அதுக்கு டிரைவர் வேண்டாம்.'