இருபதாவது முறுக்கு

கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாதவருக்கு ஸ்வெட்டர் பரிசளிக்கக் கூடாது. இந்தச் சின்ன விஷயத்தைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு முழுக் குளிர்காலம் தேவைப்பட்டது.

தோழிக்கு இப்போது அறுபத்தைந்து வயது. பஞ்சாபிக்காரர். என்னைவிட ஏறக்குறைய இருபது வயது மூத்தவர் என்பதால் 'தீதி' என்றுதான் கூப்பிடுவேன். 2005-ன் கடைசியில் நான் வேலைக்காகத் தில்லிக்கு வந்தபோது மாடி வீட்டில் இருந்தார். அந்தக் குளிரைத் தில்லிக்காரர்களே இன்னும் மறக்கவில்லை. 2006 ஜனவரி 8 அன்று சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 0.2 டிகிரி பதிவாயிற்று. என்னிடம் இருந்தது ஒரு பருத்திப் போர்வையும் சென்னையில் வாங்கிய மெல்லிய சால்வையும். மறுநாள் காலை கதவைத் தட்டி, தன் கையால் பின்னிய பழுப்பு நிறக் கார்டிகன் ஒன்றை நீட்டினார்.

'நெடுநல்வாடை'யைப் பாடமாகப் படித்தவள் நான். வாடைக்காற்றில் நனைந்த கோவலர்கள் நெருப்பில் கை காய்ந்தும் கன்னம் நடுங்க நிற்கும் காட்சிக்குப் பொருள் எழுதி மதிப்பெண் வாங்கியவள். அந்த அடிகளின் பொருள் என் பற்களுக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான்.

பின்னக் கற்றுக்கொண்டதும் தீதியிடம்தான். ஞாயிற்றுக்கிழமைப் பதினொரு மணி வெயில், மொட்டை மாடி, வேர்க்கடலை, இரண்டு ஊசிகள். பாடம் முழுவதும் இந்தியில். ஊசி 'சலாயி', நூல் 'ஊன்', ஊசியில் ஏறும் கண்ணி 'ஃபந்தா'. அடிப்படைப் பின்னல் இரண்டே இரண்டு: 'சீதா', 'உல்டா'. மொழிபெயர்ப்புத்தான் என் தொழில் என்றாலும் இவற்றுக்கு இணையாக நம் வீடுகளில் புழங்கும் சொற்களை நான் கேட்டதில்லை. கம்பளி தேவைப்படாத ஊரில் கம்பளிப் பின்னலுக்குச் சொல் எப்படி வளரும்? இத்தனைக்கும் 'பின்னலாடை' என்ற அழகான சொல்லை வைத்துக்கொண்டு திருப்பூர் உலகத்துக்கே பனியன் போட்டுவிடுகிறது. ஆனால் அது இயந்திரத்தின் பின்னல். கைப்பின்னலுக்கு நானாக 'நேர்', 'புரட்டு' என்று வைத்துக்கொண்டேன். என் டைரியில் பாதி இந்தியும் பாதித் தமிழுமாக இருக்கும் பின்னல் குறிப்புகள் வேறு யாருக்கும் விளங்காது.

ஒரு காலத்தில் வட இந்தியக் குளிருக்கு இந்தக் கைகள்தான் பதில். பஸ்ஸில், அலுவலக உணவு இடைவேளையில், பள்ளிக்கூட வாசலில் பிள்ளைக்குக் காத்திருக்கும்போது என்று எங்கும் பெண்கள் பின்னிக்கொண்டிருந்தார்கள். இந்திப் பெண்கள் பத்திரிகைகள் குளிர்காலத்தில் பின்னல் சிறப்பிதழ் போட்டன. பிறகு லூதியானாவின் இயந்திரங்கள் முந்திக்கொண்டன. அங்கு தயாராகும் ஸ்வெட்டர்களைத் திபெத்திய வியாபாரிகள் தமிழ்நாட்டு ஊர்கள் வரை கொண்டுவந்து விற்கிறார்கள். இன்றைக்கு நல்ல கம்பளி நூல் வாங்கும் பணத்தில் ஆயத்த ஸ்வெட்டரே வாங்கிவிடலாம். சிக்கனத்துக்காக ஒருவர் பின்னிய காலம் போய்விட்டது. வேறு காரணம் இருந்தால்தான் ஊசியை எடுக்க வேண்டும்.

எனக்குக் காரணம் இருந்தது. நான்கு வருடங்களுக்கு முன் தீதிக்கு முடக்குவாதம் வந்தது. உடலின் காவல் படையே மூட்டுகளின் உள்சவ்வைப் பகையாகக் கருதித் தாக்கும் நோய். ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருகிறது. பெரும்பாலும் விரல் கணுக்களிலும் மணிக்கட்டிலும், இரண்டு கைகளிலும் ஒருசேரத் தொடங்கும். காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரத்துக்கு மேல் விரல்கள் மடங்கவே மடங்காது. மருந்து வலியைக் கட்டுப்படுத்தியது. ஆனால் சலாயி பிடிக்கும் கை திரும்பி வரவில்லை. ஒரு நாள் துணிப்பை ஒன்றை என் மடியில் வைத்தார். உள்ளே அவருடைய ஊசிகள் அத்தனையும். 'நீ வைத்துக்கொள். என் வீட்டில் சும்மாதான் கிடக்கின்றன' என்றார். வாங்கிக்கொள்வதா, மறுப்பதா, எது மரியாதை என்று எனக்குத் தெரியவில்லை. வாங்கிக்கொண்டேன்.

அந்தக் குளிருக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னிக் கொடுத்தேன். அலமாரிக்குப் போனது, வெளியே வரவில்லை. தோள் வலியால் தலைவழியாக மாட்ட முடியவில்லை என்பதை அவர் சொல்லவில்லை. நான் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். கார்டிகன் என்றால் பொத்தான் போட வேண்டும். சால்வை என்றால் நழுவ நழுவ விரலால் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். மஃப்ளர் ஒன்றுதான் கழுத்தில் போட்டால் போட்ட இடத்தில் கிடக்கும்.

அதிலும் கேபிள் பின்னல் என்று முடிவு செய்தேன். பெண்களின் சடை போலவும் முறுக்கிய கயிறு போலவும் புடைத்துக்கொண்டு ஓடுமே, அது. அழகு மட்டும் காரணமல்ல. கம்பளியின் சூடு என்பது அதன் சுருள்களுக்குள் அகப்பட்ட காற்றின் சூடு. முறுக்கு விழும் இடத்தில் துணி தடிக்கிறது. அங்கே அதிகக் காற்று தங்குகிறது.

கேபிளில் மந்திரம் எதுவும் இல்லை. ஆறு கண்ணிகளில் முதல் மூன்றைத் தனி ஊசியில் ஏற்றி முன்பக்கம் தொங்கவிட வேண்டும். அடுத்த மூன்றை முதலில் பின்னிவிட்டு, பிறகு தொங்குகிற மூன்றைப் பின்ன வேண்டும். வரிசை தாண்டியதால் கயிறு இடப்பக்கம் முறுக்கிக்கொள்ளும். பின்பக்கம் தொங்கவிட்டால் வலப்பக்கம் முறுக்கும். இருபுறமும் சில 'உல்டா' கண்ணிகள் இருந்தால் அவை பள்ளமாகி, கயிறு மேடாகத் தெரியும். முறுக்கு துணியை உள்ளிழுக்கும் என்பதால் சாதாரணப் பின்னலைவிடக் கண்ணிகளும் நூலும் கூடுதலாக வேண்டும்.

செய்து பார்க்க விரும்புவோருக்கு என் கணக்கு இது. எட்டாம் நம்பர் ஊசி, அதாவது 4 மில்லிமீட்டர். நம் கடைகளில் இந்த நம்பர் ஏற ஏற ஊசி மெலியும் என்பதை நினைவில் வையுங்கள். நடுத்தரக் கனமுள்ள கம்பளி நூல் சுமார் 300 கிராம். மொத்தம் 56 கண்ணிகள்: ஓரம் சுருளாமலிருக்க எல்லா வரிசையிலும் நேராகவே பின்னும் கண்ணிகள் பக்கத்துக்கு 4, ஆறு கண்ணிகள் கொண்ட கயிறுகள் 5, அவற்றின் இருபுறமும் நடுவிலும் மும்மூன்றாக 18 புரட்டுக் கண்ணிகள். எட்டு வரிசைக்கு ஒரு முறுக்கு. 504 வரிசையில் ஓர் ஆள் உயரம் வந்துவிடும். அதற்குள் 63 முறை முறுக்கியிருப்பீர்கள். 28,224 கண்ணிகளைக் கடந்திருப்பீர்கள்.

நூல் வாங்கும்போது ஒரு சோதனை. 'ஊன்' என்று விற்பதில் பெரும்பகுதி அக்ரிலிக். ஒரு துண்டைக் கொளுத்திப் பாருங்கள். கம்பளி தலைமுடி கருகும் வாசனையோடு பொடியும் சாம்பலாகும். அக்ரிலிக் உருகிக் கெட்டியான மணியாகும். நான் கத்தரிப்பூ நிறத்தில் அசல் கம்பளியே வாங்கினேன். தீதிக்குப் பிடித்த நிறம்.

தினம் இரவு பத்து வரிசை. 200-ஆவது வரிசையில் துணியை விரித்துப் பார்த்தபோது வயிறு கலங்கியது. நடுக்கயிற்றில், 160-ஆவது வரிசையில், இருபதாவது முறுக்கு எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தது. மூன்று கண்ணிகளை முன்னால் விடுவதற்குப் பதில் பின்னால் விட்டிருக்கிறேன். அன்றிரவு யாரோ போன் செய்திருக்க வேண்டும்.

பிரித்தால் நாற்பது வரிசை, 2,240 கண்ணிகள். விட்டுவிட்டால் யாருக்குத் தெரியும்? யாருக்கும் தெரியாது, தீதியைத் தவிர.

தவறும் ஓர் அடையாளம்தானே என்று சமாதானம் சொல்லிக்கொள்ளப் பார்த்தேன். கேபிள் ஸ்வெட்டருக்குப் பெயர்போன அயர்லாந்தின் ஆரன் தீவுகளைப் பற்றி ஒரு கதை உண்டு. ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனிப் பின்னல். கடலில் மூழ்கி ஒதுங்கும் மீனவரின் உடலை அதை வைத்தே அடையாளம் காண்பார்கள் என்று. கேட்க நன்றாக இருக்கும் இந்தக் கதைக்கு ஆதாரம் இல்லை. அந்த ஸ்வெட்டருக்கே நூற்றுச் சொச்சம் வயதுதான். அது மிகப் பழமையானது என்ற பேச்சைப் பரப்பியவர் ஆக்ஸ்ஃபோர்டில் நூல்கடை வைத்திருந்த ஹைன்ஸ் கீவ என்பவர். உடலை அடையாளம் காணும் கதைக்கு வித்து, ஜே. எம். சிங் 1904-ல் அரங்கேற்றிய 'ரைடர்ஸ் டு த ஸீ' நாடகம். அதில் வருவது ஸ்வெட்டர் அல்ல, காலுறை. குடும்பச் சின்னமும் அல்ல. மூழ்கிய அண்ணனின் காலுறையில் தங்கை கண்ணிகளை எண்ணுகிறாள். அறுபது போட்டு நான்கைத் தவறவிட்டது தான்தான் என்று அவளுக்கு நினைவு வருகிறது. கைப்பிழையே சாட்சியாகிறது.

பெரிய சோகம்தான். ஆனால் எனக்கு அது உதவவில்லை. நான் கொடுக்கப்போவது, பின்னலையே இழந்த ஒருவருக்கு ஒரு பின்னல். அதில் பிழையும் வைத்துக் கொடுத்தால் என்ன அர்த்தமாகும்? 'உங்களுக்குத்தான் இனித் தெரியப்போவதில்லையே' என்றாகாதா? பிழையில்லாமல் கொடுத்தால் மட்டும் வலிக்காதா? மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனின் செயலைக் கொடைமடம் என்று வகுப்பில் படித்தோம். மயில் அதை உடுக்கப் போவதில்லை என்று தெரிந்தும் கொடுத்தான் என்று பரணர் போற்றினார். மயில் என்ன நினைத்தது என்று யாரும் கேட்கவில்லை.

கடைசியில் ஒரு பொய்யோடு தீதி வீட்டுக்குப் போனேன். 'ஊரில் ஒருவருக்குப் பின்னுகிறேன். எங்கேயோ தப்பு, பாருங்கள்' என்றேன்.

கண்ணாடியைத் தேடவில்லை. துணியை மடியில் பரப்பி, வளைந்த ஆள்காட்டி விரலை நடுக்கயிற்றின் மேல் கீழிருந்து ஓட்டினார். இருபதாவது முறுக்கில் விரல் நின்றது.

'முழுதும் பிரிக்கப் போகிறாயா, மக்கு? இந்த ஆறு கண்ணியை மட்டும் கீழே இறக்கு.'

பதினைந்து வருடங்களுக்கு மேலாகப் பின்னுகிறேன். இதை அவர் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. இவ்வளவு தூரம் நான் பிழையை வளரவிட்டதில்லை என்பதால் இருக்கலாம். அந்த ஆறு கண்ணிகளை மட்டும் ஊசியிலிருந்து விட்டு, நாற்பது வரிசைக்கு ஏணிபோல் அவிழ்த்துக்கொண்டு போக வேண்டும். மற்ற ஐம்பதும் அசையாமல் நிற்கும். பிழையான இடத்தில் சரியாக முறுக்கி, தொங்கும் நூல்களை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டு வர வேண்டும். 2,240 கண்ணிகளுக்குப் பதில் 240.

இரண்டு மணி நேரம் ஆயிற்று. அவர் ஊசியைத் தொடவில்லை. சொன்னார், நான் செய்தேன். 'இழுக்காதே, நூலைத் தூங்க விடு', 'அது அடுத்த வரிசையின் நூல், இது இல்லை', 'இப்போது முறுக்கு'. அந்தக் குரலை நான்கு வருடங்களாக நான் கேட்கவில்லை. பிறர் தப்பைத் திருத்தும் அதட்டல் குரல். ஆஸ்பத்திரிக்குப் போய்வரத் தொடங்கியதிலிருந்து எங்கோ போயிருந்த குரல்.

எழுந்தபோது கேட்டார்: 'ஊரில் யாருக்கு?'

'ஒரு தோழிக்கு.'

'மதராஸில் கம்பளி மஃப்ளரா?' என்றார். அதற்கு மேல் கேட்கவில்லை.

ஜனவரி 13, லோஹ்ரி அன்று, எள் மிட்டாயோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். பின்னத் தெரிந்தவர்கள் செய்வதுபோல் முதலில் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். நூல் முடிச்சுகளை எங்கே ஒளித்திருக்கிறேன் என்று தேடினார். பிறகு முன்பக்கம் திருப்பி, விரலை ஓட்டிக்கொண்டே போனார். முனைவரை போய்விட்டுத் திரும்ப வந்தார்.

'எந்த இடம் என்று தெரியவில்லை' என்றார்.

கழுத்தில் போட்டுக்கொண்டு நெருப்பைப் பார்க்க இறங்கினார். இப்போது காய்கறி வாங்கவும் அதோடுதான் போகிறார். வெந்நீரில் போடாதீர்கள், பிழியாதீர்கள், தட்டையாகப் போட்டு உலர்த்துங்கள் என்று நான் சொல்லத் தொடங்கியபோது என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

போன வாரம் படியில் நிறுத்தினார். 'அந்தப் பையில் ஆறாம் நம்பர் ஊசி ஒரு ஜோடி இருக்கும். தடிமனானது. இருந்தால் கொடு' என்றார். மறுநாளே கொடுத்துவிட்டேன். எதற்கு என்று கேட்கவில்லை.