வெப்ப வரைபடம் யாருக்காக?

2024 ஜூன் 19 அன்று தில்லி சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் பதிவான குறைந்தபட்ச வெப்பநிலையே 35.2 டிகிரி செல்சியஸ். பகலெல்லாம் வெயிலில் உழைத்த உடல் இரவில்தான் ஆறுகிறது. தகரக் கூரையின் கீழ் ஓரறையில் குடும்பமே படுத்துறங்கும் வீடுகளில் அந்த ஆறுதலும் பறிபோயிற்று. மரங்கள் சூழ்ந்த பங்களாவும் நெரிசலான குடியிருப்பும் ஒரே நகரில் இருந்தாலும் ஒரே வெப்பத்தில் வாழ்வதில்லை.

இந்த வேறுபாட்டைப் பகுதிவாரியாகக் காட்டுவதே நகரக் காலநிலை வரைபடம். கான்கிரீட்டும் தாரும் எங்கே வெப்பத்தைத் தேக்கி இரவில் உமிழ்கின்றன, குளிர்காற்று எவ்வழியே நகருக்குள் நுழைகிறது, எந்த நீர்நிலை சுற்றுப்புறத்தைத் தணிக்கிறது என்பதை அது குறிக்கிறது. பள்ளத்தாக்கில் அமைந்த ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில், மலைச்சரிவிலிருந்து இறங்கும் குளிர்காற்றின் பாதைகள் வரைபடத்தில் குறிக்கப்பட்டு, அங்கே கட்டடம் எழுப்புவது கட்டுப்படுத்தப்படுகிறது.

இந்தியாவில் 2010 மே மாத வெப்ப அலையின்போது அகமதாபாத்தில் வழக்கத்தைவிடக் கூடுதலாக 1,344 மரணங்கள் நிகழ்ந்ததாக ஆய்வு கணித்தது. அதன்பின் 2013இல் அந்நகரம் வெப்பச் செயல்திட்டம் வகுத்தது. பிற நகரங்களும் பின்தொடர்ந்தன. முன்னெச்சரிக்கையும் மருத்துவமனைத் தயார்நிலையும் அவசியமே. ஆனால், வெளியே செல்லாதீர் என்ற அறிவுரை தினக்கூலிக்கு உதவாது. நகரின் வடிவத்தையும் அது மாற்றாது. வடிவத்தைத் தீர்மானிப்பது பெருந்திட்டமும் கட்டட அனுமதியும்.

நகரத் திட்டமிடலை உள்ளாட்சிகளுக்குரிய பணிகளின் பட்டியலில் முதலாவதாக வைத்தது 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம். நடப்பிலோ பல நகரங்களில் அது வளர்ச்சி ஆணையங்களின் கையில் இருக்கிறது. தில்லியின் பெருந்திட்டத்தைத் தயாரிப்பது ஒன்றிய அரசின் கீழுள்ள ஆணையமே. மக்களுக்குப் பதில் சொல்லத் தேவையற்ற அமைப்பின் மேசையில் ரியல் எஸ்டேட் மூலதனத்தின் குரலே ஓங்கி ஒலிக்கும்.

ஆகவே வரைபடம் வந்தாலே போதும் என்று கருதுவதற்கில்லை. யமுனைக் கரையில் 2004இல் பல்லாயிரக்கணக்கான ஏழைகளின் குடிசைகள் அகற்றப்பட்டன. அதே நதியின் வெள்ளச் சமவெளியில் 2010 காமன்வெல்த் விளையாட்டுகளுக்கான அடுக்குமாடிகள் எழுந்தன. வரைபடத்தில் சிவப்பாகத் தெரியும் குடிசைப் பகுதியை வெளியேற்றத்திற்குக் காரணமாக்கவும், பசுமை நிறம் பெற்ற இடத்தை உயர்விலை மனையாக விற்கவும் ஆளும் வர்க்கம் தயங்காது.

செயற்கைக்கோள் அளப்பது கூரையின் மேற்பரப்பு வெப்பத்தை. கூரையின் கீழ் உறங்குவோர் அனுபவிக்கும் இரவு வெப்பத்தை வீடுகளுக்குள்ளும் பட்டறைகளுக்குள்ளும் சென்றுதான் அளக்க வேண்டும். வரைபடம் வட்டாரவாரியாக, மக்களின் மொழியில் வெளியிடப்பட வேண்டும். பெருந்திட்டமும் கட்டட அனுமதியும் சட்டப்படி அதற்குக் கட்டுப்பட வேண்டும். வெப்பம் மிகுந்த குடியிருப்புகளில், எவரையும் வெளியேற்றாமல், கூரை மாற்றம், குடிநீர், நிழல், தடையற்ற மின்சாரம் ஆகியவை முதலில் சேர வேண்டும். கொளுத்தும் நேரத்தில் ஊதிய இழப்பின்றி ஓய்வு என்பது உரிமையாக வேண்டும்.

வெப்பத்தால் 2030இல் இந்தியா இழக்கக்கூடிய வேலைநேரம் 3.4 கோடி முழுநேர வேலைகளுக்குச் சமமாக இருக்கும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019இல் மதிப்பிட்டது. அந்த இழப்பைச் சுமக்கப் போவோர் கட்டுமானத் தொழிலாளரும் தெரு வியாபாரிகளும் தூய்மைப் பணியாளருமே. தங்கள் பகுதியின் வெப்பத்தைத் தாங்களே அளந்து, அந்தக் கணக்கோடு மாநகராட்சியின் வாசலுக்கு அவர்கள் செல்ல வேண்டும். அதற்கு அவர்களைத் திரட்டுவது தொழிற்சங்கங்களின், கட்சிக் கிளைகளின் உடனடிக் கடமை.