துரத்துவது யார்?

சிறுசேரி சிப்காட் அலுவலகங்களில் எல்லாச் சாதியினரும் அருகருகே வேலை பார்க்கிறார்கள். அவர்களுக்குள் காதல் வந்தால்தான் பிரச்சினை. பந்தலும் பத்திரிகையும் இன்றிப் பதிவு அலுவலகம் தேடுகிறார்கள். ஊர் அதை 'ஓடிப்போனார்கள்' என்கிறது. துரத்துவது யார் என்று கேட்பதில்லை.

சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967 சட்டத் திருத்தம் வழிசெய்தது. அதை ஊரறியச் செய்ய வேண்டியதில்லை என 2023இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ரகசியமாக மணக்கலாம், பகிரங்கமாக வாழ்வதுதான் ஆபத்து. பள்ளிக்கரணையில் சாதி மறுத்து மணந்த பட்டியலின இளைஞர், மணமான சில மாதங்களிலேயே, 2024 பிப்ரவரியில் வெட்டிக் கொல்லப்பட்டார். மனைவியின் சகோதரர் உள்ளிட்டோர் கைதாயினர்.

இத்தகைய இணையரைக் காக்க மாவட்டந்தோறும் தனிப்பிரிவும் 24 மணி நேர உதவி எண்ணும் அமைக்க 2018இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த எண் ஒவ்வொரு பதிவு அலுவலக வாசலிலும், சிறுசேரி நிறுவனங்களின் அறிவிப்புப் பலகையிலும் எழுதப்பட வேண்டும். ஓடியவர்களுக்கு அறிவுரை வேண்டாம். துரத்துபவர்களைத் தடுத்தால் போதும்.