படிக்கும் உரிமையும் எழுதும் பொறுப்பும்

மலையிற் கொய்த கொழுந்தை நிறுக்குங்கால், தராசு காட்டிய இறாத்தலைக் கணக்கப்பிள்ளை தம் கைப்புத்தகத்திற் குறிப்பார். அது பின்னர்ச் செக்ரோலில் ஏறும். எழுத்தறியாத எம் முன்னோர், தம் உழைப்பு எவ்வாறு பதிவாயிற்று என்பதை அறியமாட்டாது அப்புத்தகத்தின் முன்னே நின்றனர். கல்வி வந்தது; அந்நிலை மாறிற்று. இன்று அத்தகைய புத்தகமொன்று இயந்திரத்தினுள்ளேயும் இருக்கின்றது.

தொழிற்சாலைப் பொறிகளை ஆளும் 'பீ.எல்.சி.' என்னும் செய்நிரற் கட்டுப்படுத்தி, 1960களின் இறுதியில் அமெரிக்க மோட்டார் வாகனத் தொழிலின் தேவையாற் பிறந்தது. அதனோடு பூட்டப்படும் சில துணைக்கூறுகள், வெப்பம், அமுக்கம் முதலியவற்றை எண்ணாக்கித் தம்மகத்தே வைக்கும். அவ்விடத்தைப் 'பஃபர் மெமரி' என்பர். யாம் இடைநினைவகம் என்போம். மலைக்கும் கந்தோருக்கும் இடைநின்ற கைப்புத்தகம் போன்றதே இஃது.

தேயிலை உலர்த்தியின் வெங்காற்று அளவை இவ்வாறு வைத்திருப்பின், அதனைப் பெற விரும்பும் கணினி, எந்தத் துணைக்கூறு, எத்தனையாம் அறை என்று குறித்துக் கேட்டல் வேண்டும். பெரும்பாலும் கட்டுப்படுத்தியின் மையச் செயலகமே இடைநின்று விடையளிக்கும். விடை 985 என வரலாம். பத்தாற் பெருக்கி வைக்கும் துணைக்கூறாயின் அதன் பொருள் 98.5 பாகை. 16 பிற்று கொண்ட அறையிலுள்ள −1 என்பதைக் குறியற்ற எண்ணாகப் படித்தாலோ 65535 எனத் தோன்றும். எண் தெரிவது வேறு. பொருள் தெரிவது வேறு.

இவ்வறைகளை யாவர்க்கும் திறந்துவிடலாம் என்பாரும், முற்றாகப் பூட்டிவிடலாம் என்பாரும் உளர். இரண்டும் எமக்கு உடன்பாடல்ல. அமைப்புகளும் அந்நினைவகத்திலேயே உறைகின்றன. பொறி தனக்கென ஒதுக்கிய அறையிற் பிழையாக எழுதின், அதன் இயக்கமே குலையலாம். யூலை முதல் செத்தெம்பர் வரை வீசும் வறண்ட காற்று ஊவாத் தேயிலைக்கு ஈயும் தனிமணம், உலர்த்தியிற் கருகியபின் மீளுமோ? ஆதலின், பொறியருகே உழைப்பார் யாவர்க்கும் படிக்கும் உரிமை வேண்டும். எழுதும் பொறுப்போ தகுதியுடைய சிலர்க்கே உரியது. அவர் எழுதியதும் நாளும் பெயருமிட்டுப் பதியப்படல் வேண்டும்.

உயர்தர வகுப்பில் 2013ஆம் ஆண்டு தொழினுட்பப் பிரிவு தொடங்கிற்று. பொறியியலிற் புகுந்த பழைய மாணவர்களே! இவ்விழா மலரின் வாயிலாக உங்களிடம் யாம் வேண்டுவது பொருளன்று. ஆண்டிற்கு ஒருநாள் வந்து, அவ்வறையை எவ்வாறு திறந்து படிப்பது என்பதைத் தமிழில் உங்கள் தம்பியர்க்குக் காட்டுங்கள். தராசின் முன் வாய்பேசாது நின்றோரின் பேரப்பிள்ளைகள், பொறியின் முன்னும் அவ்வாறே நிற்றல் தகுமோ?