கண்டதே நம்பிக்கை

"பால்மரம் வெட்டுறவனுக்கு ஏது சொந்தத் தோட்டம்?" ஒரு காலத்தில் லயங்களில் இதுதானே பேச்சு! இதை நமக்கு யாரும் பாடம் நடத்திச் சொல்லவில்லை. பினாங்கில் கப்பல் இறங்கி, ஜெரெஜாக் தீவு முகாமில் அடைபட்ட நம் பாட்டன்மார் கண்டதெல்லாம் துரை, கிராணி, கங்காணிதான். தினமும் கண்டதே நம்பிக்கை ஆனது. அந்த நம்பிக்கையே நம் கையையும் கட்டிப்போட்டது.

தோட்டங்கள் துண்டாடப்பட்ட நேரத்தில், 1960-இல், துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய், பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் கேட்டார். மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் சொத்தானது. வெட்டுக்காரனும் பங்குக்காரன் ஆவான் என்பதை ஊர் கண்ணால் பார்த்தது. பார்த்தபிறகு பணம் கட்டக் கை நீண்டது.

"தோட்டத்துப் புள்ளைக்குப் படிப்பு ஏறாது" என்கிறோமே, இதுவும் அந்தப் பழைய பேச்சின் தம்பிதான். பிள்ளை காதுபடச் சொல்லிவிட்டு, அது பள்ளிக்கு மட்டம் போட்டால் அடித்து என்ன பயன்? பெற்றோர்களே, நமக்கு எழுத்துத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. இன்று இரவு டி.வி.யை அடைத்துவிட்டு, "என்னப்பா படிச்சே?" என்று பக்கத்தில் உட்காருவோம். பிள்ளையும் தினமும் காண்பதைத்தான் நம்பும்.