அன்பும் அளவாக இருக்கட்டும்

சென்ற ஆண்டு என் பிறந்தநாளுக்கு அத்தை ஒரு ஹாவொர்தியா செடியைப் பரிசளித்தார். உள்ளங்கை அளவே உள்ள தொட்டியில், தடித்த இலைகள் அடுக்கடுக்காக அழகாய் இருந்தன. ஆசை மிகுதியால் நாள்தோறும் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். சில வாரங்களில் இலைகள் மஞ்சளாகிக் குழைந்தன. இலையைத் தொட்டதும் செடியே கையோடு வந்துவிட்டது. வேர்கள் முழுவதும் அழுகியிருந்தன. “உன் அன்பில் குறை இல்லை, அளவுதான் தவறிவிட்டது,” என்றார் பாட்டி.

சிங்கப்பூரில் நம்மில் பெரும்பாலோர் அடுக்குமாடி வீடுகளில் வசிக்கிறோம். தோட்டம் இல்லாவிட்டாலும், சதைப்பற்றுள்ள சிறு செடி ஒன்றை ஒவ்வொரு மாணவரும் வளர்க்கலாம். ஆனால், தண்ணீர் ஊற்றுவதுதான் பராமரிப்பு என்ற எண்ணத்தை முதலில் கைவிட வேண்டும் என்பது என் கருத்து.

ஹாவொர்தியாவின் தாயகம் தென்னாப்பிரிக்கா. அங்குள்ள வறண்ட நிலங்களில், பாறை இடுக்குகளிலும் புதர்களின் நிழலிலும் அது வளர்கிறது. மழை பெய்யும்போது கிடைக்கும் நீரை இலைகளில் சேமித்துக்கொள்கிறது. நம் நாட்டிலோ ஆண்டுக்குச் சுமார் 2,100 மில்லிமீட்டர் மழை பெய்கிறது; காற்றிலும் ஈரப்பதம் அதிகம். தொட்டி மண் விரைவில் காய்வதில்லை. ஈரம் நீங்காத மண்ணில் வேர்களுக்குக் காற்றுக் கிடைக்காது. அதனால் அவை அழுகிவிடுகின்றன.

ஆகவே, அடியில் துளையுள்ள தொட்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மண்ணுடன் பருமணலைத் தாராளமாகக் கலக்க வேண்டும். நீர் ஊற்றும் முன், ஒரு சாத்தே குச்சியை மண்ணில் செருகி எடுத்துப் பாருங்கள். குச்சியில் ஈரமண் ஒட்டியிருந்தால் காத்திருங்கள். மண் நன்கு காய்ந்திருந்தால், அடித்துளை வழியே நீர் வடியும்வரை ஊற்றுங்கள். தட்டில் தேங்கும் நீரை உடனே கொட்டிவிடுங்கள். இல்லையெனில், டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுக்களுக்கு நாமே இடம் கொடுத்தவர்கள் ஆவோம். வெளிச்சமான சன்னலின் உட்புறமே செடிக்கு ஏற்ற இடம்.

“தண்ணீரே கேட்காத செடியை வளர்ப்பதில் என்ன பொறுப்பு இருக்கிறது?” என்று சிலர் கேட்கலாம். தினமும் நீர் ஊற்றுவது எளிது. அது பழகிவிட்டால், செடியைப் பார்க்காமலேயே ஊற்றிவிட்டுப் போய்விடுவோம். நானும் அப்படித்தான் செய்தேன். இந்தச் செடியோ நம்மைக் கூர்ந்து பார்க்க வைக்கிறது. இலைகள் மெலிந்து சுருங்கினால் அதற்குத் தாகம். அடியிலைகள் குழைந்தால் நீர் மிகுதி. இலைகள் ஒல்லியாக நீண்டால் வெளிச்சம் போதவில்லை. இவற்றைக் கவனித்து, தேவையறிந்து உதவுவதே உண்மையான பொறுப்பு.

‘அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு’ என்ற பழமொழியை வகுப்பில் பலமுறை படித்திருக்கிறேன். அதன் பொருளை எனக்கு உணர்த்தியது அந்த அழுகிய வேர்தான். கைச்செலவுப் பணத்தில் வாங்கிய என் இரண்டாவது செடியின் ஓரத்தில் இப்போது ஒரு சிறு கன்று முளைத்திருக்கிறது. நீங்களும் ஒரு செடியை வளர்த்துப் பாருங்கள். நீர் ஊற்றும் முன் மண்ணைத் தொட்டுப் பார்க்க மட்டும் மறந்துவிடாதீர்கள்.